மனித செல்லில் எச்.எல்.ஏ.-இ என்ற புரதம் என்ன செய்கிறது?

கேள்வி இதுதான்: உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு முன் கொடுக்கப்படும் திசுப் பொருத்த அறிக்கையில் எச்.எல்.ஏ. (செல்லின் மேற்பரப்பில் நிற்கும் திசு அடையாளப் புரதம்) ஏ, பி, சி, டி.ஆர். போன்ற பெயர்கள் இருக்கின்றன. பாடநூல்களோ இவற்றோடு இ, எஃப், ஜி என்று மரபுசாரா எச்.எல்.ஏ. புரதங்கள் மூன்றும் உண்டு என்கின்றன. அவற்றுள் எச்.எல்.ஏ.-இ ஏறத்தாழ எல்லாத் திசுக்களிலும் காணப்படும்போது, அதன் பணி என்ன, அதை ஏன் வழக்கமான பரிசோதனையில் சேர்ப்பதில்லை?

சுருக்கமாகச் சொன்னால், ஒரு செல்லில் எச்.எல்.ஏ. உற்பத்தி ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறது என்ற ஒரே செய்தியை வெளியே அறிவிப்பதுதான் எச்.எல்.ஏ.-இ புரதத்தின் முதன்மைப் பணி. அந்தச் செய்தி எல்லா மனிதரிலும் ஒன்றாக இருப்பதால் அதைச் சொல்லும் புரதமும் எல்லாரிடமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. திசுப் பொருத்தத்தில் அதற்கு இடமில்லாமல் போனதும், சில வைரஸ்கள் அதைக் கள்ளத்தனமாகப் பயன்படுத்துவதும், இன்றைய தடுப்பூசி ஆய்வாளர்களும் புற்றுநோய் மருத்துவர்களும் அதை உற்றுநோக்குவதும் இந்த ஒற்றுமையிலிருந்தே வருகின்றன. இது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏ, பி, சி போன்ற மரபுசார்ந்த எச்.எல்.ஏ. புரதங்களிலிருந்து தொடங்குவோம். பிரெஞ்சு மருத்துவர் ழான் தோசே 1958-இல் வெள்ளையணுக்களின் மேற்பரப்பில் முதல் எச்.எல்.ஏ. அடையாளத்தைக் கண்டார். அந்த அடையாளங்கள் ஒட்டப்பட்ட உறுப்பு ஏற்கப்படுமா, நிராகரிக்கப்படுமா என்பதைத் தீர்மானிக்கின்றன என்பது பின்னர் தெளிவானது. ஆனால் உறுப்பு மாற்று அறுவை என்பது மனிதர் செய்வது. இயற்கை அதற்காக இந்தப் புரதங்களை உருவாக்கியிருக்க முடியாது. அவற்றின் உண்மையான வேலையை 1974-இல் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் பணியாற்றிய ரோல்ஃப் சிங்கர்நாகலும் பீட்டர் டோஹர்ட்டியும் காட்டினார்கள். வைரஸ் தொற்றிய செல்லை டி செல் (நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களில் ஒரு வகை) அடையாளம் காண வேண்டுமானால், வைரஸின் அடையாளத்தோடு செல்லின் சொந்தத் திசு அடையாளத்தையும் அது சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அவர்களின் கண்டுபிடிப்பு. 1987-இல் ஹார்வர்டில் எச்.எல்.ஏ.-ஏ2 புரதத்தின் படிக அமைப்பு வெளியானபோது, அதன் உச்சியில் ஒரு பள்ளமும், அந்தப் பள்ளத்தில் ஒரு சிறு பெப்டைடும் (அமினோ அமிலச் சங்கிலித் துணுக்கு) இருப்பது கண்ணால் காணத்தக்க வகையில் தெரிந்தது.

செல்லுக்குள் தயாராகும் புரதங்கள் தொடர்ந்து நறுக்கப்படுகின்றன. அந்தத் துணுக்குகளில் சில, பெரும்பாலும் எட்டு முதல் பத்து அமினோ அமிலங்கள் நீளமுள்ளவை, எச்.எல்.ஏ. பள்ளத்தில் ஏற்றப்பட்டுச் செல்லின் மேற்பரப்புக்குக் கொண்டுவரப்படுகின்றன. சுற்றிவரும் டி செல்கள் அவற்றைப் பரிசீலிக்கின்றன. எந்த வைரஸ் வந்தாலும் அதன் ஏதாவது ஒரு துணுக்காவது யாராவது ஒருவரின் பள்ளத்தில் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இருப்பதால், மனித இனம் முழுவதிலும் ஏ, பி, சி ஆகிய மூன்றுக்கும் ஆயிரக்கணக்கான மரபணு வடிவங்கள் திரண்டுள்ளன. உடன்பிறந்தவர்களுக்கிடையில்கூடப் பொருத்தம் தவறிப்போவதற்கு இந்தப் பன்மையே காரணம்.

இந்த ஏற்பாட்டில் ஓர் அடிப்படைப் பலவீனம் இருக்கிறது. தன்னைக் காட்டிக்கொடுப்பது எச்.எல்.ஏ. புரதம்தான் என்றால், அந்தப் புரதத்தையே மேற்பரப்புக்கு வரவிடாமல் தடுத்துவிட்டால் வைரஸ் டி செல்லின் பார்வையிலிருந்து தப்பிவிடும். பல வைரஸ்களும் புற்றுச் செல்களும் இதைத்தான் செய்கின்றன. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த கிளாஸ் கேரேயும் ஹான்ஸ்-குஸ்தாஃப் யுங்கிரெனும் 1980-களில் இதற்கு உடல் வைத்திருக்கும் மறுமொழியைக் கண்டார்கள். சுண்டெலியின் நிணநீர்ப் புற்றுச் செல்களில் திசு அடையாளப் புரதங்களை இழந்தவற்றைத் தேர்ந்தெடுத்து உடலில் செலுத்தியபோது, அவை தப்பிப் பெருகவில்லை. மாறாக, இயற்கைக் கொல்லி செல்கள் எனப்படும் வேறு வகை வெள்ளையணுக்கள் அவற்றை விரைந்து அழித்தன. 1986-இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பின் 'தன் அடையாளம் காணாமை' என்ற கோட்பாடு நிலைபெற்றது. இயற்கைக் கொல்லி செல் அந்நியனைத் தேடிச் செல்வதில்லை. இருக்க வேண்டிய அடையாளம் இல்லாத செல்லை அது தாக்குகிறது. நம் கிராமத் தெருவில் காலையில் ஒரு வீட்டு வாசலில் மட்டும் கோலம் இல்லையென்றால், உள்ளே என்ன ஆயிற்றோ என்று அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்ப்பதைப் போன்றது இது.

சரி, அந்த அடையாளம் இருக்கிறதா, இல்லையா என்பதை இயற்கைக் கொல்லி செல் எவ்வாறு அறிகிறது? மனிதரில் இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, 'கே.ஐ.ஆர்.' எனப்படும் ஏற்பிகள் எச்.எல்.ஏ.-சி போன்றவற்றை நேரடியாகத் தொட்டுப் பார்ப்பது. அந்த ஏற்பிகளும் ஆளுக்கு ஆள் மாறுபடும். மற்றொன்றுதான் எச்.எல்.ஏ.-இ வழியாக நடப்பது. 1998-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் எச்.எல்.ஏ.-இ மூலக்கூறுகள் நான்கினை ஒன்றாகப் பிணைத்து, ஒளிரும் சாயம் சேர்த்து, இரத்தச் செல்களோடு கலந்தபோது அவை இயற்கைக் கொல்லி செல்களில் போய் ஒட்டிக்கொண்டன. அவை ஒட்டிய ஏற்பி, சி.டி.94 என்ற புரதமும் என்.கே.ஜி.2 குடும்பப் புரதம் ஒன்றும் இணைந்த இரட்டை. அதே ஆண்டில் வேறு ஆய்வுக் குழுக்களும் இதே முடிவுக்கு வந்தன, எச்.எல்.ஏ.-இ புரதத்தின் படிக அமைப்பும் அவ்வாண்டிலேயே வெளியாயிற்று.

அந்தப் படிக அமைப்பில் என்னை இன்றும் வியக்கவைப்பது, பள்ளத்தில் இருந்த பெப்டைடு. மரபுசார்ந்த எச்.எல்.ஏ. புரதங்கள் பள்ளத்தின் இரண்டொரு குழிகளில் மட்டும் கண்டிப்பு காட்டும். மற்ற இடங்களில் எந்த அமினோ அமிலம் வந்தாலும் ஏற்கும். எச்.எல்.ஏ.-இ அப்படியல்ல. அதன் பள்ளத்தில் ஐந்து குழிகள் ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு குறிப்பிட்ட வரிசையை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. வாலின், மெத்தியோனின், அலனின், புரோலின், ஆர்ஜினின், த்ரியோனின், லியூசின் என்று தொடங்கி லியூசினில் முடியும் வரிசை அது. இடையில் சிற்சில மாற்றங்களுக்கு மட்டுமே இடமுண்டு. இந்த வரிசை வைரஸிலிருந்து வருவதில்லை; எச்.எல்.ஏ.-ஏ, பி, சி, ஜி ஆகிய புரதங்களின் வழிகாட்டித் துண்டிலிருந்தே வருகிறது.

செல் சவ்வுக்கு அனுப்பப்பட வேண்டிய புரதங்களில் பல தம் தொடக்கத்தில் ஏறத்தாழ இருபது அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு வழிகாட்டித் துண்டோடு பிறக்கின்றன. புரதம் தயாரிக்கும் ரைபோசோமை, புரதங்கள் மடிந்து உருப்பெறும் எண்டோபிளாச வலையின் வாயிலுக்கு அழைத்துச் செல்வது அதன் வேலை. வாயிலைக் கடந்ததும் ஒரு நொதி அந்தத் துண்டை வெட்டிவிடுகிறது; புரதம் உள்ளே மடிந்து தன் வழியில் போகிறது. பெரும்பாலான புரதங்களில் துண்டின் கதை அத்தோடு முடிகிறது. எச்.எல்.ஏ. புரதங்களின் வழிகாட்டித் துண்டோ சவ்வுக்குள்ளேயே மற்றொரு நொதியால் மீண்டும் வெட்டப்பட்டு, சைட்டோபிளாசத்துக்குள் விடுவிக்கப்படுகிறது. அங்கே புரோட்டியசோம் என்ற நறுக்கும் இயந்திரம் அதன் ஓரங்களைச் சீர்செய்கிறது. பின்பு 'டாப்' எனப்படும் கடத்திப் புரதம் ஒன்பது அமினோ அமிலத் துணுக்கை மீண்டும் எண்டோபிளாச வலைக்குள் ஏற்றிவிடுகிறது. அங்கே, ஏ, பி, சி புரதங்களுக்கும் துணையாக நிற்கும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற சிறு புரதத்தோடு இணைந்து காத்திருக்கும் எச்.எல்.ஏ.-இ அதைப் பெற்றுக்கொண்ட பிறகே மேற்பரப்புக்குப் புறப்படுகிறது. துணுக்கு கிடைக்காத எச்.எல்.ஏ.-இ உள்ளேயே தங்கிவிடும், அல்லது மேற்பரப்பை அடைந்தாலும் நிலைக்காது.

இப்போது இந்தப் பாதையின் பொருளைக் கவனியுங்கள். மேற்பரப்பில் ஓர் எச்.எல்.ஏ.-இ நிற்கிறதென்றால், அந்தச் செல்லில் மரபுசார்ந்த எச்.எல்.ஏ. மரபணுக்கள் படிக்கப்படுகின்றன, அவற்றின் புரதம் ரைபோசோமில் தயாராகிறது, நறுக்கும் இயந்திரம் இயங்குகிறது, டாப் கடத்தி அடைபடவில்லை, பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் போதிய அளவில் உள்ளது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் எச்.எல்.ஏ.-இ மேற்பரப்பில் குறைந்துவிடும். பெப்டைடுகளை டி செல்லுக்குக் காட்டும் இயந்திரம் முழுவதற்குமான தணிக்கை ஒரே மூலக்கூறில் அடங்கிவிடுகிறது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு: எச்.எல்.ஏ.-இ புரதத்தின் சொந்த வழிகாட்டித் துண்டில் இந்தப் பொருத்தமான வரிசை இல்லை. தன் உற்பத்தியைக் கொண்டே தன்னை மேற்பரப்புக்கு உயர்த்திக்கொள்ள அதனால் முடியாது, பிற எச்.எல்.ஏ. புரதங்களைச் சார்ந்தே அது வெளிவர வேண்டும். தணிக்கை செய்பவர் தணிக்கைக்கு உட்பட்டவரைச் சாராமல் பொய்யறிக்கை தர இயலாதபடி இந்த அமைப்பு உருவாகியிருக்கிறது.

எச்.எல்.ஏ.-இ தரும் செய்தியைப் பெறும் ஏற்பிகள் முக்கியமாக இரண்டு. சி.டி.94-உடன் என்.கே.ஜி.2ஏ இணைந்தது தடுக்கும் ஏற்பி. அதன் உட்புற வாலில் உள்ள இரு தடைக் குறிகள் எஸ்.எச்.பி.-1 என்ற பாஸ்ஃபடேஸ் நொதியை வரவழைத்து, செல்லுக்குள் தொடங்கும் தாக்குதல் சமிக்ஞைகளை அணைத்துவிடுகின்றன. சி.டி.94-உடன் என்.கே.ஜி.2சி இணைந்தது தூண்டும் ஏற்பி. டாப்-12 என்ற துணைப் புரதத்தின் மூலம் அது தாக்குதலை முடுக்குகிறது. (மேலே சொன்ன டாப் கடத்திக்கும் இதற்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை.) ஒரே மூலக்கூறை இரண்டும் பற்றுகின்றன என்றாலும் தடுக்கும் ஏற்பியின் பிடி பல மடங்கு வலுவானது, ஆகையால் சாதாரண நிலையில் அமைதியே வெல்கிறது. இந்த ஏற்பாடு மனிதருக்கு மட்டும் உரியதன்று. சுண்டெலியில் கியூ.ஏ.-1 என்ற புரதம் இதே பணியைச் செய்கிறது. அது ஏந்தும் துணுக்கு, மனிதரில் காணப்படும் ஒரு துணுக்கிலிருந்து முதல் அமினோ அமிலத்தில் மட்டுமே வேறுபடுகிறது.

பரிசோதனையில் ஏன் சேர்ப்பதில்லை என்பதற்கு இப்போது விடை சொல்ல முடியும். எச்.எல்.ஏ.-இ மரபணுவும் ஆறாம் குரோமோசோமில், ஏ மரபணுவுக்கும் சி மரபணுவுக்கும் இடையில்தான் உள்ளது. அதன் இருபுறமும் உள்ளவை ஆயிரக்கணக்கான வடிவங்களாகப் பிரிந்திருக்க, எச்.எல்.ஏ.-இ மட்டும் புரத அளவில் உலகெங்கும் பெரும்பாலும் இரண்டே வடிவங்களில் காணப்படுகிறது. 107-ஆம் இடத்தில் ஒன்றில் ஆர்ஜினினும் மற்றொன்றில் கிளைசினும் உள்ளன. பள்ளத்துக்கு வெளியே அமைந்த அந்த வேறுபாடு எந்தத் துணுக்கை ஏற்பது என்பதைப் பெரிதாக மாற்றுவதில்லை. கிளைசின் வடிவம் சற்று அதிக நிலைத்தன்மையோடு மேற்பரப்பில் கூடுதலாக நிற்கிறது, அவ்வளவே. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லாத ஒன்றைப் பொருத்திப் பார்ப்பதால் வழக்கமான உறுப்பு மாற்றில் அதிகப் பயன் இல்லை. இதனால் எச்.எல்.ஏ.-இ முக்கியமற்றது என்று கருதிவிடக் கூடாது. மாறுபட வாய்ப்பிருந்தும் மாறாமல் நிற்கும் புரதம், மாறினால் கெட்டுப்போகும் ஒரு பணியைச் செய்கிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

ஆனாலும் மனிதருக்கிடையே ஒரு வேறுபாடு பின்வாசல் வழியாக நுழைகிறது. ஏ, சி புரதங்களின் வழிகாட்டித் துண்டுகள் ஏறத்தாழ எல்லாரிடமும் இரண்டாம் இடத்தில் மெத்தியோனினைக் கொண்டிருக்கின்றன. பி புரதத்தில் மட்டும் சிலருக்கு மெத்தியோனினும் சிலருக்கு த்ரியோனினும் உள்ளன. த்ரியோனின் உள்ள துணுக்கு எச்.எல்.ஏ.-இ பள்ளத்தில் சரியாக அமராது. ஆகவே மெத்தியோனின் வடிவம் உள்ளவர்களின் செல்களில் எச்.எல்.ஏ.-இ கூடுதலாக வெளிவருகிறது. அவர்களின் இயற்கைக் கொல்லி செல்களும் என்.கே.ஜி.2ஏ வழியையே அதிகம் நம்பிப் பயிற்சி பெறுகின்றன. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, எச்.ஐ.வி. தொற்றுள்ள 9,000-க்கும் மேற்பட்டோரின் தரவுகளைக் கொண்டு, எச்.எல்.ஏ.-ஏ அதிகமாகத் தயாராகும் உடலில் வைரஸ் கட்டுப்பாடு தளர்வாக இருப்பதையும், மெத்தியோனின் வடிவம் உள்ளவர்களில் இந்த விளைவு வலுப்பெறுவதையும் காட்டியது. வழிகாட்டித் துண்டுகள் பெருக, எச்.எல்.ஏ.-இ பெருக, கொல்லி செல்கள் தேவைக்கு மேல் அடங்கிவிடுகின்றன என்பதே அதற்குத் தரப்பட்ட விளக்கம். ஒரு புரதத்திலிருந்து வெட்டி எறியப்படும் துண்டில் உள்ள ஒற்றை அமினோ அமிலம் ஒரு தொற்றின் போக்கைத் தொடுகிறது.

இனி வைரஸின் பக்கம். சைட்டோமெகலோ வைரஸ் உலகின் பெரும்பாலான வயதுவந்தோரின் உடலில் வாழ்நாள் முழுவதும் தங்கியிருக்கும் ஹெர்ப்பீஸ் குடும்ப வைரஸ். டி செல்லிடமிருந்து தப்ப அது பல புரதங்களைத் தயாரிக்கிறது. யு.எஸ்.2, யு.எஸ்.11 ஆகியவை எச்.எல்.ஏ. புரதங்களைப் பிடித்திழுத்து அழிவுக்கு அனுப்புகின்றன, யு.எஸ்.6 டாப் கடத்தியை அடைக்கிறது. இவ்வளவும் நடந்தபின் அந்தச் செல் இயற்கைக் கொல்லி செல்லின் தாக்குதலுக்கு உள்ளாக வேண்டும். ஆனால் யு.எல்.40 என்ற மற்றொரு வைரஸ் புரதத்தின் வழிகாட்டித் துண்டில், எச்.எல்.ஏ.-சி புரதத்தின் சில வடிவங்களில் உள்ள அதே ஒன்பது அமினோ அமில வரிசை பொதிந்து கிடப்பது 2000-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அதைவிட வியப்பானது, அந்தத் துணுக்கு டாப் கடத்தியின் உதவியில்லாமலே எச்.எல்.ஏ.-இ பள்ளத்தை அடைகிறது என்பது. கடத்தியைத் தானே அடைத்துவிட்டு, கடத்தி தேவைப்படாத ஒரு போலி அறிக்கையை வைரஸ் வெளியிடுகிறது. உள்ளே தொழிற்சாலை முடங்கிக் கிடக்க, வெளியே எச்.எல்.ஏ.-இ 'எல்லாம் நலம்' என்று நிற்கிறது. இந்தப் புரதத்தின் இயல்பான பணி என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை என்பேன். தணிக்கை அறிக்கைக்கு உண்மையிலேயே மதிப்பில்லையென்றால் வைரஸ் அதைப் போலியாகத் தயாரிக்க மெனக்கெட்டிருக்காது.

இதற்கு எதிராக உடலும் சும்மா இருக்கவில்லை. சைட்டோமெகலோ வைரஸ் தொற்றிய பலரின் இரத்தத்தில் என்.கே.ஜி.2சி என்ற தூண்டும் ஏற்பியைத் தாங்கிய இயற்கைக் கொல்லி செல்கள் பெருகி, ஆண்டுக்கணக்கில் நீடிக்கின்றன. 2004-இல் முதலில் கவனிக்கப்பட்ட இந்தப் பெருக்கத்துக்கு யு.எல்.40 துணுக்கின் நுண்ணிய வேறுபாடுகளே வழிகாட்டுகின்றன என்பது பின்னர் தெரிந்தது: வைரஸ் வகைக்கு வகை அந்தத் துணுக்கு சற்றே மாறும், எந்தத் துணுக்கு தூண்டும் ஏற்பியை அதிகம் உசுப்புகிறதோ, அதற்கேற்ப அந்தச் செல்கள் பெருகுகின்றன. நினைவாற்றல் டி, பி செல்களுக்கே உரியது என்ற பழைய கருத்தை இந்தச் செல்கள் பெரிதும் அசைத்துவிட்டன. எனினும் என்.கே.ஜி.2சி மரபணுவே இல்லாதவர்களும் உண்டு. ஜப்பானியரிலும் டச்சுக்காரரிலும் நடந்த ஆய்வில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் அதன் இரு பிரதிகளும் இல்லை. அவர்கள் நலமாகவே வாழ்கிறார்கள். நோயெதிர்ப்பு மண்டலத்தில் ஒரு வாயில் மூடினால் மற்றொன்று அந்தச் சுமையை ஏற்கும் என்பதை மறந்துவிட்டு ஒரு புரதத்துக்கு எல்லாப் பெருமையும் தந்துவிடக் கூடாது.

செல் தானே நெருக்கடியில் இருக்கும்போதும் எச்.எல்.ஏ.-இ பள்ளத்தின் உள்ளடக்கம் மாறுகிறது. வெப்ப அதிர்ச்சிப் புரதமான எச்.எஸ்.பி.60 மைட்டோகாண்ட்ரியாவுக்குச் செல்ல வேண்டியது. அதற்கும் ஒரு வழிகாட்டித் துண்டு உண்டு. செல் அழுத்தத்துக்கு உள்ளாகும்போது அந்தத் துண்டிலிருந்து வரும் துணுக்கு எச்.எல்.ஏ.-இ பள்ளத்தில் அமர்கிறது. மேற்பரப்பில் எச்.எல்.ஏ.-இ குறையவில்லை, ஆனால் இந்தத் துணுக்கைத் தாங்கிய எச்.எல்.ஏ.-இ புரதத்தைத் தடுக்கும் ஏற்பி அடையாளம் காண்பதில்லை. ஆகவே இயற்கைக் கொல்லி செல்லின் கட்டு அவிழ்கிறது. கொரோனா வைரஸின் என்.எஸ்.பி.13 என்ற புரதத்திலிருந்து வரும் ஒரு துணுக்கும் இவ்வாறே செயல்படுவதை 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. அமைதி காக்கும் செய்தி புரதத்தில் மட்டும் இல்லை, புரதமும் சரியான துணுக்கும் சேர்ந்த இணையில் இருக்கிறது. 'எச்.எல்.ஏ.-இ நோயெதிர்ப்பை அடக்கும் மூலக்கூறு' என்று ஒற்றை வரியில் எழுதப்படும் விளக்கங்கள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன.

டி செல்களோடும் அதற்கு உறவு உண்டு. பள்ளம் ஒரே வரிசையைத்தான் ஏற்கும் என்று மேலே சொன்னது சாதாரண நிலையைப் பற்றியது. போட்டியிடும் வழிகாட்டித் துணுக்குகள் குறையும்போதோ, நுண்ணுயிர் செல்லுக்குள் நிறைந்திருக்கும்போதோ, வேறு துணுக்குகளும் அதில் அமர்கின்றன. காசநோய்க் கிருமியின் துணுக்குகளை எச்.எல்.ஏ.-இ வழியாக அடையாளம் காணும் டி செல்கள் மனிதரிடம் இருப்பது 2002-இலேயே தெரியவந்தது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர் என்பதை நினைத்தால், இந்தச் செய்தி நம்மவருக்கு வெறும் ஆய்வக ஆர்வம் அன்று. வழக்கமான தடுப்பூசியில் ஒருவரின் எச்.எல்.ஏ. வடிவத்துக்குப் பொருந்தும் துணுக்கு மற்றவருக்குப் பொருந்தாமல் போகலாம். எச்.எல்.ஏ.-இ வழியாகச் செயல்படும் தடுப்பூசி ஒன்று அமையுமானால், ஒரே துணுக்கு எல்லா இனத்தாருக்கும் பொருந்தும். இந்த எதிர்பார்ப்புக்கு வலுவூட்டியது அமெரிக்காவின் ஓரிகனில் லூயி பிக்கரின் குழு ரீசஸ் குரங்குகளில் செய்த ஆய்வு. குரங்கின் சைட்டோமெகலோ வைரஸை மாற்றியமைத்து, குரங்கு எச்.ஐ.வி. எனத்தக்க எஸ்.ஐ.வி.யின் மரபணுக்களை அதில் ஏற்றிச் செலுத்தியபோது, தடுப்பூசி பெற்றவற்றில் ஏறத்தாழ பாதி, தொற்றிய வைரஸைத் தொடக்கத்திலேயே அடக்கி, காலப்போக்கில் உடலிலிருந்தே அகற்றின. 2016-இல் அக்குழு வெளியிட்ட ஆய்வின்படி, அந்தக் குரங்குகளின் டி செல்களில் ஒரு பகுதி, மனித எச்.எல்.ஏ.-இ புரதத்துக்கு இணையான குரங்குப் புரதம் காட்டிய துணுக்குகளையே அடையாளம் கண்டன. பாதிக் குரங்குகள் காக்கப்படாமல் போனதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். ஆயினும் தணிக்கைக்கு என்றே அமைந்ததாகத் தோன்றிய ஒரு புரதம் நேரடியான பாதுகாப்பிலும் பங்குபெற முடியும் என்பதை அது உறுதியாக்கியது.

கருப்பையிலும் இந்தப் புரதத்துக்குப் பொறுப்பான இடம் உண்டு. நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் கருப்பைச் சுவருக்குள் ஊடுருவும் ட்ரோஃபோபிளாஸ்ட் செல்கள் ஏ, பி புரதங்களை வெளிக்காட்டுவதில்லை; சி, இ, ஜி ஆகியவற்றையே காட்டுகின்றன. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் அந்தச் சுவரில் உள்ள வெள்ளையணுக்களில் பெரும்பகுதி இயற்கைக் கொல்லி செல்கள். அவற்றில் பெரும்பாலானவை என்.கே.ஜி.2ஏ ஏற்பியைத் தாங்கியவை. அவை குழந்தையின் செல்களைத் தாக்காமல் இருப்பதோடு, தாயின் இரத்த நாளங்களை அகலப்படுத்தும் பணியிலும் துணைநிற்கின்றன. அந்த நாளங்கள் போதிய அளவு அகலாதபோது கர்ப்பகால இரத்த அழுத்த நோயான ப்ரீஎக்லாம்ப்சியா தோன்றக்கூடும். தாயின் எச்.எல்.ஏ.-பி வழிகாட்டித் துண்டு மெத்தியோனின் வடிவமா, த்ரியோனின் வடிவமா என்பது இந்த நோயின் ஆபத்தைச் சிறிதளவு மாற்றுகிறது என 2021-இல் வெளியான ஒரு பெரிய மரபணு ஆய்வு காட்டியது. விளைவு சிறியதுதான், கர்ப்பிணிகள் யாரும் இதற்காகப் பரிசோதனை தேடிப் போக வேண்டியதில்லை.

புற்றுநோயில் நிலைமை தலைகீழாகிறது. டி செல்கள் கட்டிக்குள் நுழைந்து இன்டர்ஃபெரான்-காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கும்போது, புற்றுச் செல்லில் எச்.எல்.ஏ. உற்பத்தி முழுவதும் உயர்கிறது, எச்.எல்.ஏ.-இ அதோடு சேர்ந்து உயர்கிறது. அதே வேளையில், நெடுநேரம் போராடிய டி செல்களின் மேல் என்.கே.ஜி.2ஏ தோன்றுகிறது. தாக்க வந்தவர்களின் சுரப்பே தாக்குதலை நிறுத்தும் கொடியை உயர்த்திவிடுகிறது. முதுமையடைந்த தோல் செல்களும் இவ்வாறே எச்.எல்.ஏ.-இ புரதத்தை உயர்த்திக்கொண்டு அகற்றப்படாமல் தங்கிவிடுவது 2019-இல் அறிவிக்கப்பட்டது. என்.கே.ஜி.2ஏ ஏற்பியை மறைக்கும் மோனாலிசுமாப் என்ற எதிர்ப்பொருள் இந்தத் தடையை நீக்கும் நோக்கில் உருவாக்கப்பட்டது. தலை, கழுத்துப் புற்றுநோயில் செட்டுக்சிமாப் மருந்தோடு சேர்த்து நடத்தப்பட்ட அதன் மூன்றாம் கட்டச் சோதனை, பயன் தெரியாததால் 2022-இல் நிறுத்தப்பட்டது. தொடக்கச் சோதனைகள் தந்த நம்பிக்கையைப் பார்த்தவர்களுக்கு அது வருத்தமளித்த செய்தி. ஆனால் அந்த முடிவு எச்.எல்.ஏ.-இ பற்றிய உயிரியலைப் பொய்யாக்கிவிடவில்லை. ஒரு தடையை மட்டும் நீக்கினால் எல்லா நோயாளிகளிடமும் தாக்குதல் தொடங்கிவிடாது என்பதையே அது காட்டுகிறது.

கடைசியாக, உறுப்பு மாற்றோடு தொடர்புடைய ஒரு புதிய முயற்சி. குருத்தணுக்களிலிருந்து தயாரிக்கும் செல்களை யாருக்கு வேண்டுமானாலும் பொருத்த முடியுமா என்ற தேடலில், பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் மரபணுவை முடக்கினால் ஏ, பி, சி அனைத்தும் மேற்பரப்பிலிருந்து மறைந்துவிடும். பெறுபவரின் டி செல்களுக்கு அந்நியர் என்று காட்ட அவை மூன்றும் மிஞ்சாது. ஆனால் அடையாளமற்ற செல்லை இயற்கைக் கொல்லி செல்கள் அழித்துவிடும். 2017-இல் சியாட்டிலில் உள்ள ஆய்வாளர்கள் இதற்கு எச்.எல்.ஏ.-இ புரதத்தையே தீர்வாகக் கொண்டார்கள். துணுக்கு, பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், எச்.எல்.ஏ.-இ மூன்றையும் ஒரே சங்கிலியாக இணைத்துச் செல்லில் பொருத்தியபோது, ஏ, பி, சி இல்லாத செல்கள் என்.கே.ஜி.2ஏ தாங்கிய கொல்லி செல்களிடமிருந்து காப்பாற்றப்பட்டன. சைட்டோமெகலோ வைரஸ் செய்த அதே போலி அறிக்கையை மருத்துவ நோக்கத்துக்காக மனிதர் எழுதிய நிகழ்வு இது. இதில் பயன்படுத்திய துணுக்கு எச்.எல்.ஏ.-ஜி புரதத்தின் வழிகாட்டித் துண்டைச் சேர்ந்தது. தூண்டும் ஏற்பியான என்.கே.ஜி.2சி வலுவாகப் பற்றும் துணுக்கும் அதுவே. சைட்டோமெகலோ வைரஸ் தொற்றியிருந்து, என்.கே.ஜி.2சி தாங்கிய செல்கள் பெருகியிருக்கும் ஒருவருக்கு அந்தச் செல்களைச் செலுத்தினால், காக்க வேண்டிய எச்.எல்.ஏ.-இ புரதமே தாக்குதலைத் தூண்டக்கூடும். ஆகவே பள்ளத்தில் எந்த ஒன்பது அமினோ அமிலங்களை வைப்பது என்பதும், பெறுபவரின் உடலில் அந்த வைரஸ் தங்கியிருக்கிறதா என்பதும் இத்தகைய செல்களை வடிவமைப்போர் முன்கூட்டியே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்விகள்.